ஒரு கிளாஸ் மரம், எத்தனை டேபிள்?

வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் பணத்தைப் பதிவு செய்யும் ஒரு மென்பொருளில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். கார்டு, வங்கிப் பரிமாற்றம், காசோலை, ரொக்கம், வாலட் என்று பணம் ஐந்து வகையில் வரும். நிரலில், அதாவது கோடில், இதை எழுதுவது சுலபம். ஒரே மாதிரிப் பொருள்களுக்கான வார்ப்பைக் கிளாஸ் என்பார்கள், அதிலிருந்து பிறப்பது ஆப்ஜெக்ட். 'பேமென்ட்' என்று ஒரு தாய் கிளாஸ், அதன் கீழே வகைக்கு ஒரு சேய் கிளாஸ். தொகை, தேதி, வாடிக்கையாளர் எல்லாம் தாயிடம் இருக்கும். காசோலை எண், கார்டின் கடைசி நான்கு இலக்கம் போன்றவை அந்தந்தச் சேயிடம் இருக்கும். தாயிடம் உள்ளது சேய்க்கும் வருவதை இன்ஹெரிட்டன்ஸ் என்பார்கள், இப்படிக் கிளைவிடும் அமைப்புதான் கிளாஸ் மரம்.

டேட்டாபேஸ் பக்கம் வந்ததும்தான் சிக்கல் தொடங்கியது. ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு டேபிள் தெரியும், ஃபீல்டு தெரியும், ஒரு டேபிள் இன்னொன்றைச் சுட்டும் ஃபாரின் கீ தெரியும். 'காசோலை என்பது பேமென்டில் ஒரு வகை' என்பது அதற்குத் தெரியாது. அந்த மரத்தை டேபிள்களாக மாற்றித் தருவது நம் பொறுப்பு. அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மரம் முழுவதையும் ஒரே டேபிளில் போட்டு, இது எந்த வகை என்று சொல்ல ஒரு ஃபீல்டு வைக்கலாம். அல்லது கிளாஸுக்கு ஒரு டேபிள் வைத்து, தாய் டேபிளையும் சேய் டேபிளையும் ஒரே ஐடியால் கோக்கலாம். மூன்றாவது வழியில் தாய்க்கு டேபிளே கிடையாது. ஒவ்வொரு சேய்க்கும், தாயின் ஃபீல்டுகளையும் சேர்த்து, தனித்தனியாக முழு டேபிள் இருக்கும்.

நாங்கள் இரண்டாவது வழியை எடுத்தோம். கிளாஸ் படமும் டேபிள் படமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்ததுதான் காரணம். எந்த ஃபீல்டும் காலியாகக் கிடக்காது, ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது என்ற நார்மலைசேஷன் விதிகளுக்கும் பொருந்தும். வேறு யோசனையே எங்களுக்கு வரவில்லை. எந்தெந்தக் கேள்விகளை இந்த டேட்டாவிடம் கேட்கப்போகிறோம் என்று அப்போது யாரும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கவில்லை. அதைச் செய்திருந்தால் பின்னால் வந்த பாதி வேலை வந்திருக்காது.

முதல் வருடம் ஒரு குறையும் தெரியவில்லை. வகைகள் ஒன்பதாகின. ரெக்கார்டுகள் லட்சக்கணக்கில் சேர்ந்தன. அப்புறம் 'சமீபத்திய பேமென்டுகள்' என்ற பட்டியல் திரை தள்ளாட ஆரம்பித்தது. அதில் தெரிவது வெறும் ஐம்பது வரிதான். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இருக்கிறது, சர்வரும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் திரை வர நேரமாகிறது.

எங்கள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்ட மூத்த பொறியாளர் ஒருநாள் அந்தத் திரைக்காக ஓஆர்எம் (கிளாஸ்களையும் டேபிள்களையும் இணைக்கும் கருவி) உருவாக்கிய க்வெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரண்டு பக்கம் இருந்தது. "ஸ்கிரீன்ல நிஜமா தெரியற ஃபீல்டுகளை மட்டும் கோடு போட்டுக் காட்டுங்க" என்றார். நான்கு இடத்தில் கோடு போட்டேன்: தேதி, தொகை, வாடிக்கையாளர் பெயர், வகை. முதல் இரண்டும் தாய் டேபிளிலேயே இருந்தன. பெயர் வாடிக்கையாளர் டேபிளில் இருந்தது. நான்காவதான 'வகை' எந்த டேபிளிலும் ஒரு ஃபீல்டாக இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஓஆர்எம் ஒன்பது சேய் டேபிள்களையும் லெஃப்ட் ஜாயின் போட்டு (தாய் டேபிளோடு ஐடியால் இணைத்து), எந்த டேபிளில் ஐடி கிடைக்கிறதோ அதுதான் வகை என்று நீளமான ஒரு கேஸ் வாக்கியம் எழுதியிருந்தது.

இரண்டாவது வழியில் ஹைபர்னேட் போன்ற ஓஆர்எம் கருவிகளுக்கு வகை ஃபீல்டு கட்டாயம் இல்லை. ஜாயினை வைத்தே அவை தெரிந்துகொள்ளும். கட்டாயம் இல்லை என்பதால் நாங்களும் வைக்கவில்லை. இன்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கிளாஸுக்கு ஒரு டேபிள் என்ற வழிக்குப் போனாலும் தாய் டேபிளில் வகை ஃபீல்டு ஒன்றை வைத்துவிடுங்கள். சில எழுத்துகள் கொண்ட ஒரு சின்ன ஃபீல்டுதான். அது இருந்தால் பட்டியல் திரைகள் சேய் டேபிள்களைத் தொடவே வேண்டியதில்லை. நாங்கள் அந்த ஃபீல்டைச் சேர்த்து, பழைய ரெக்கார்டுகளுக்கு நிரப்பி, அந்தத் திரைக்கு மட்டும் ஆப்ஜெக்டுகளை ஏற்றாமல் டேட்டாபேஸின் மொழியான எஸ்க்யூஎல்லில் நேரடியாக ஒரு சின்ன க்வெரி எழுதினோம். கிளாஸ்களை டேபிள்களோடு பொருத்தும் மேப்பிங்கைத் தொடாமலேயே திரை சரியாகிவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் இன்னொரு திரை இருந்தது: 'குறிப்பிட்ட வங்கியின் காசோலைகளில் கடைசி ஐம்பது.' இதற்கு மேலே சொன்ன வைத்தியம் வேலை செய்யவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கே இரண்டு நாள் ஆனது.

ஜாயின் என்றாலே மெதுவாக இருக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். ரெக்கார்டை அடையாளம் காட்டும் பிரைமரி கீயில் போடும் ஒரு ஜாயின் அப்படியொன்றும் கனமான வேலை இல்லை. இங்கே சிக்கல் வேறு. வங்கியின் பெயர் காசோலை டேபிளில் இருக்கிறது. தேதி பேமென்ட் டேபிளில் இருக்கிறது. வங்கியால் சலித்து, தேதியால் அடுக்கி, முதல் ஐம்பதை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் வங்கி, தேதி இரண்டையும் சேர்த்த ஒரு கூட்டு இண்டெக்ஸ் வேண்டும். இரண்டு டேபிளில் கிடக்கும் ஃபீல்டுகளைச் சேர்த்து ஒரு சாதாரண இண்டெக்ஸ் போட முடியாது. ஆகவே டேட்டாபேஸுக்கு இரண்டே வழி. அந்த வங்கியின் எல்லாக் காசோலைகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தாய் ரெக்கார்டைத் தேடித் தேதி பார்த்து, மொத்தத்தையும் அடுக்கிவிட்டு ஐம்பதை வைத்துக்கொண்டு மீதியை எறியலாம். இல்லையென்றால் பேமென்டுகளைத் தேதி வரிசையில் பின்னோக்கி நடந்து, இது காசோலையா, அந்த வங்கியுடையதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகலாம். இரண்டுமே வீண் உழைப்பு. "ஜாயினோட வேகத்தைக் குறை சொல்லாதீங்க. இந்த ஃபில்டரையும் இந்த ஸார்ட்டையும் ஒரே இண்டெக்ஸ்ல வைக்க வழி இல்ல, அதான் விஷயம்" என்று அந்தப் பொறியாளர் சொன்னது எனக்கு இன்றைக்கும் உதவுகிறது. இப்போது எந்த மரத்தைப் பார்த்தாலும், சலிப்பது ஒரு மட்டத்திலும் அடுக்குவது இன்னொரு மட்டத்திலும் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

மரத்தின் நடுவில் வேறு ஒன்றும் இருந்தது. கார்டுக்கும் வாலட்டுக்கும் பொதுவாக 'மின்னணு பேமென்ட்' என்று ஒரு நடு கிளாஸ் வைத்திருந்தோம். அதற்கும் ஒரு டேபிள். அந்த டேபிளில் இருந்தது ஐடியும் ஒரே ஒரு ஃபீல்டும்தான். அந்த ஒரு ஃபீல்டுக்காக ஒவ்வொரு கார்டு பேமென்டைச் சேமிக்கும்போதும் மூன்று இன்செர்ட் போய்க்கொண்டிருந்தது. கோடில் நடு கிளாஸ் அழகாக இருக்கலாம், அதற்கு ஒரு டேபிள் தரவேண்டிய அவசியம் இல்லை.

முடிவில் ஒரே டேபிளுக்கு மாறினோம். சேய் டேபிள்களின் ஃபீல்டுகளைத் தாய் டேபிளில் சேர்த்து, பழைய டேட்டாவைச் சின்னச் சின்னத் தொகுதிகளாக நகலெடுத்தோம். கொஞ்ச நாள் இரண்டு இடத்திலும் எழுதினோம். எண்ணிக்கையும் தொகையும் இரண்டு பக்கமும் ஒத்துப்போன பிறகு பழைய டேபிள்களை எடுத்துவிட்டு, அதே பெயர்களில் வியூ (டேபிள் போலவே தெரியும், சேமித்துவைத்த க்வெரி) போட்டோம். அந்தப் பெயர்களை நம்பி எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகள் நிறைய இருந்தன. வியூ இருந்ததால் அவற்றில் ஒன்றுகூட உடையவில்லை. வங்கித் திரைக்கு, வகை காசோலையாக உள்ள ரெக்கார்டுகளுக்கு மட்டும் பொருந்தும் பார்ஷியல் இண்டெக்ஸ் ஒன்றை வங்கி, தேதி மேல் போட்டோம். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் அப்படிப் போடலாம். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் இதையே ஃபில்டர்டு இண்டெக்ஸ் என்பார்கள். இண்டெக்ஸும் சிறியதாக இருந்தது, திரையும் உடனே வந்தது.

ஒரே டேபிள் என்றதும் குழுவில் எழுந்த முதல் பயம் காலி ஃபீல்டுகள் பற்றியது. 'மதிப்பே இல்லை' என்பதைக் குறிக்கும் 'நல்' (NULL) டேபிள் முழுக்கப் பரவிக் கிடக்கும், இடம் வீணாகும் என்றார்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு ரெக்கார்டில் நல் இருந்தால், எந்தெந்த ஃபீல்டு நல் என்று குறிக்க ஃபீல்டுக்கு ஒரு பிட் வீதம் ஒரு சின்ன வரைபடம் சேரும், அவ்வளவுதான். மதிப்புக்கென்று தனியாக இடம் பிடிக்காது. இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நாம் இழப்பது வேறொன்று: 'இந்த ஃபீல்டு காலியாக இருக்கவே கூடாது' என்ற கட்டுப்பாடு. காசோலை டேபிள் தனியாக இருந்தபோது காசோலை எண்ணுக்கு அந்தக் கட்டுப்பாடு இருந்தது. ஒரே டேபிளில் ரொக்கத்துக்கும் கார்டுக்கும் அந்த ஃபீல்டு காலியாகத்தானே இருந்தாக வேண்டும்? ஆகவே கட்டுப்பாட்டை எடுத்துவிட்டோம். சில வாரங்களில் எண் இல்லாத காசோலைகள் உள்ளே வந்துவிட்டன. வெளியிலிருந்து டேட்டா ஏற்றும் ஒரு ஸ்கிரிப்ட், நம் கிளாஸ்களில் இருந்த சரிபார்ப்பு எதையும் தொடாமல் நேரடியாக டேபிளில் எழுதியிருந்தது.

உடனே ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் (ரெக்கார்டை உள்ளே விடும் முன் டேட்டாபேஸே சரிபார்க்கும் விதி) எழுதினேன்: 'வகை காசோலையாக இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது காசோலை எண்ணின் நீளம் பூஜ்யத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும்.' படித்துப் பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. அதைப் போட்ட பிறகும் எண் இல்லாத காசோலைகள் வந்துகொண்டே இருந்தன.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எண் நல் என்றால் அதன் நீளமும் நல். 'நல் பூஜ்யத்தைவிடப் பெரியதா?' என்ற கேள்விக்கு எஸ்க்யூஎல் தரும் பதில் ஆம், இல்லை இரண்டும் கிடையாது. 'தெரியாது' என்கிறது. வாக்கியத்தின் முதல் பாதி பொய், இரண்டாவது பாதி தெரியாது. பொய்யும் தெரியாததும் 'அல்லது' போட்டுச் சேர்ந்தால் விடை மறுபடியும் தெரியாது. செக் கன்ஸ்ட்ரெயின்ட் ஒரு ரெக்கார்டை மறுப்பது விடை திட்டவட்டமாகப் பொய் என்று வந்தால் மட்டுமே. தெரியாது என்றால் உள்ளே விட்டுவிடும். தேடும்போது பயன்படுத்தும் 'வேர்' (WHERE) நிபந்தனை இதற்கு நேர் எதிர்: தெரியாது என்று வரும் ரெக்கார்டை அது ஒதுக்கிவிடும். தினமும் 'வேர்' எழுதிப் பழகிய கைக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. 'காசோலை எண் நல் ஆக இருக்கக் கூடாது' என்பதை வெளிப்படையாக, தனியாக எழுதிய பிறகுதான் கதவு நிஜமாக மூடியது. வகை ஃபீல்டே நல் ஆக இருந்தாலும் இதே ஓட்டை உண்டு. அதனால் அதையும் காலியாக விடக் கூடாது.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் பதிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2019-ல் வந்த 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் செக் கன்ஸ்ட்ரெயின்டைப் பிழை காட்டாமல் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அமல்படுத்தாது. எழுதியிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் இருந்துவிடுவோம்.

ஒவ்வொரு வகைக்கும் இப்போது இரண்டு விதி எழுதுகிறேன். அந்த வகைக்குக் கட்டாயமான ஃபீல்டுகள் நிரம்பியிருக்க வேண்டும் என்பது ஒன்று. மற்ற வகைகளின் ஃபீல்டுகள் காலியாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ரொக்கப் பேமென்டில் ஒரு காசோலை எண் ஒட்டிக்கொண்டிருந்தால், அது வகை தவறா, எண் தவறா என்று ஆறு மாதம் கழித்து எவராலும் சொல்ல முடியாது.

அடுத்த அடி வகை ஃபீல்டின் மதிப்பில் விழுந்தது. இயல்பு நிலையில் பல ஓஆர்எம்கள் அந்த ஃபீல்டில் கிளாஸின் பெயரையே எழுதுகின்றன. ரெயில்ஸின் டைப் ஃபீல்டு அப்படித்தான், என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோரும் அப்படித்தான். ஜாவாவின் ஓஆர்எம் தரமான ஜேபிஏவில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் டிடைப் என்ற ஃபீல்டில் என்டிட்டியின் பெயர் போய் உட்காரும். எங்களில் ஒருவர் கோடைச் சீர்செய்யும்போது ஒரு கிளாஸின் பெயரை மாற்றினார். நல்ல மாற்றம், புதிய பெயர் பழையதைவிடத் தெளிவாக இருந்தது. டெஸ்டுகள் எல்லாம் பாஸ், ஏனென்றால் டெஸ்ட் டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும், புதுப் பெயரிலேயே எழுதும், புதுப் பெயரிலேயே தேடும். நிஜ டேட்டாபேஸில் பழைய பெயரோடு இருந்த ரெக்கார்டுகள் அந்த வகையின் திரையிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிட்டன. தாய் கிளாஸ் வழியாகத் தேடினால் பிழை வந்து விழும், அதனால் உடனே தெரிந்துவிடும். சேய் கிளாஸ் வழியாகத் தேடும்போது 'வகை இந்தப் பெயர்' என்ற நிபந்தனை தானாகச் சேர்ந்துகொள்வதால் பழையவை பட்டியலுக்கே வருவதில்லை. ஒரு ரிப்போர்ட்டின் மொத்தத் தொகை குறைந்ததைக் கணக்குப் பிரிவில் ஒருவர் கவனித்துச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சேய் கிளாஸுக்கும் சிறிய, நிலையான ஒரு குறியீட்டை நானே கையால் எழுதிக் கொடுக்கிறேன். கிளாஸின் பெயர் எப்படி மாறினாலும் டேட்டாபேஸில் அது மாறாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரி, எப்போதும் ஒரே டேபிள்தான் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடுத்து நான் போன இடத்தில் கருவிகளின் பதிவேடு ஒன்றைக் கட்டினோம். பம்பு, ஜெனரேட்டர், அளவைக் கருவி, தூக்கி என்று பதினைந்துக்கும் மேற்பட்ட வகைகள். ஒவ்வொன்றுக்கும் தனக்கென இருபது, முப்பது ஃபீல்டுகள். பொதுவாக இருந்தவை பெயர், வாங்கிய தேதி, இருக்கும் இடம் போன்ற ஏழெட்டுதான். எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டிருந்தால் நானூறு ஃபீல்டு வந்திருக்கும். டேட்டாபேஸ் அதைத் தாங்கும், போஸ்ட்கிரெஸின் உச்ச வரம்பே 1600. ஆனால் அந்த டேபிளைத் திறந்து பார்க்கும் மனிதனுக்கு ஒன்றும் விளங்காது. தவிர, இங்கே கேள்விகளும் வேறு மாதிரி இருந்தன. ஒரு நேரத்தில் ஒரு கருவியைத் திறந்து பார்ப்பார்கள், எந்த வகை என்று தெரிந்தே திறப்பார்கள். ஒரே ஒரு ஜாயின், அதுவும் பிரைமரி கீயில். பட்டியலுக்குத் தாய் டேபிளும் அதிலிருந்த வகை ஃபீல்டும் போதும்.

அங்கே கிளாஸுக்கு ஒரு டேபிள் என்ற வழியை உறுதிசெய்தது ஃபாரின் கீதான். பராமரிப்புப் பதிவு எந்தக் கருவிக்கும் வரலாம், அதனால் அது தாய் டேபிளைச் சுட்ட வேண்டும். அளவுத்திருத்தச் சான்றிதழ் அளவைக் கருவிக்கு மட்டுமே வரும், அது அளவைக் கருவி டேபிளைச் சுட்ட வேண்டும். இந்த இரண்டையும் டேட்டாபேஸே காவல் காக்கிறது. பம்புக்கு யாரும் தவறிக்கூட அளவுத்திருத்தச் சான்றிதழ் போட்டுவிட முடியாது. இந்த மரத்தை யார் யார் வெளியிலிருந்து சுட்டுகிறார்கள், எந்த மட்டத்தைச் சுட்டுகிறார்கள் என்ற கேள்விக்குக் கிளாஸ் படத்தில் பதில் கிடைக்காது, ஆனால் பாதி முடிவை அதுவே எடுத்துவிடும்.

இந்த வழியிலும் ஒரு ஓட்டை உண்டு. ஒரே ஐடி ஜெனரேட்டர் டேபிளிலும் இருந்தது, பம்பு டேபிளிலும் இருந்தது. இதுவும் ஒரு இறக்குமதி ஸ்கிரிப்ட்டின் வேலைதான். ஓஆர்எம் அதை ஒரு நாள் பம்பு என்று காட்டியது, வேறொரு திரையில் ஜெனரேட்டர் என்று காட்டியது. சாதாரண ஃபாரின் கீ 'தாய் டேபிளில் இந்த ஐடி இருக்கிறதா' என்று மட்டும்தான் கேட்கும். அதை அடைத்த விதம் இது: தாய் டேபிளில் ஐடி, வகை இரண்டையும் சேர்த்து, அதே ஜோடி மறுபடி வரக் கூடாது என்று ஒரு யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டோம். ஒவ்வொரு சேய் டேபிளிலும் வகை ஃபீல்டைச் சேர்த்து, பம்பு டேபிளில் அது எப்போதும் பம்பு என்றுதான் இருக்க வேண்டும் என்று ஒரு செக் விதி வைத்தோம். ஃபாரின் கீயை ஐடி, வகை என்ற இரண்டு ஃபீல்டின் மேலும் சேர்த்துப் போட்டோம். தாயில் ஒரு ஐடிக்கு ஒரு வகைதான் இருக்க முடியும் என்பதால், ஜெனரேட்டர் என்று பதிவான ஐடி பம்பு டேபிளுக்குள் நுழையவே முடியாது. மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் டிரிக்கர் எதுவும் தேவையில்லை. ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதுகிறோமே என்று நார்மலைசேஷன் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் ஒன்றுக்கொன்று முரண்பட வழியே இல்லாத இரட்டிப்பு இது.

அதே பதிவேட்டில் ஒரு தூக்கியைத் தவறுதலாகப் பம்பு என்று பதிந்திருந்தார்கள். அதைத் திருத்துவது பெரும்பாடாகிவிட்டது. ஒரு ஆப்ஜெக்ட் பிறந்த பிறகு அதன் கிளாஸ் மாறாது, ஓஆர்எம்மும் அப்படித்தான் நினைக்கும். பராமரிப்புப் பதிவுகள் தாயின் ஐடியைச் சுட்டுவதால் தாயை அழிக்க முடியாது. நேரடி எஸ்க்யூஎல்லில், எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள், பம்பு ரெக்கார்டை அழித்து, தாயின் வகையை மாற்றி, தூக்கி ரெக்கார்டைச் சேர்த்தோம். தவறான பதிவு அபூர்வமாக நடப்பது, அதற்கு இது போதும். ஆனால் வகை மாறுவது அன்றாட நடப்பாக இருந்தால் அங்கே இன்ஹெரிட்டன்ஸே பொருந்தவில்லை என்று அர்த்தம். சோதனை வாடிக்கையாளர், கட்டண வாடிக்கையாளர் என்று இரண்டு சேய் கிளாஸ் எழுதிய ஒரு குழுவைப் பார்த்தேன். சோதனைக் காலம் முடிந்து பணம் கட்டும் ஒவ்வொருவருக்கும் கிளாஸை மாற்ற வேண்டியிருந்தது. அது ஒரு நிலை, ஒரு ஃபீல்டில் வைத்தால் போதும். ஊழியரே வாடிக்கையாளராகவும் இருக்கலாம் என்ற இடத்தில் 'நபர்' கிளாஸுக்குக் கீழே 'ஊழியர்', 'வாடிக்கையாளர்' என்று பிரிப்பதும் இதே தவறுதான். அவை ஒரு நபர் ஏற்கும் பாத்திரங்கள். நபரைச் சுட்டும் தனி டேபிள்களாக வைத்துவிட்டால் ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம், ஒன்று போய் இன்னொன்று வரலாம்.

மூன்றாவது வழியை, அதாவது சேய்க்கு ஒரு முழு டேபிள் என்பதை, நான் அபூர்வமாகத்தான் எடுத்திருக்கிறேன். தாய்க்கு டேபிள் இல்லாததால் 'ஏதோ ஒரு பேமென்ட்' என்று ஃபாரின் கீயால் சுட்ட இடமே இல்லை. எல்லா வகையையும் சேர்த்துக் கேட்டால் யூனியன் ஆல் போட்டு ஒட்ட வேண்டும். ஐடிகள் டேபிளுக்கு டேபிள் மோதக் கூடாது என்பதால் எல்லாவற்றுக்கும் பொதுவாக தொடர் எண் தரும் ஒரு ஸீக்வென்ஸோ, ஒன்றோடொன்று மோதாத யூயூஐடியோ வேண்டும். ஹைபர்னேட் இந்த வழியில், டேபிளே தனக்கு எண் கொடுத்துக்கொள்ளும் ஐடென்டிட்டி முறையை அனுமதிக்கவே அனுமதிக்காது. ஜேபிஏ இதை விருப்பத்துக்கு உரியது என்றுதான் வைத்திருக்கிறது, எல்லாக் கருவிகளும் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லா வகையையும் ஒருசேர யாரும் கேட்கவே மாட்டார்கள் என்ற இடத்தில் மட்டும் இது நன்றாக உழைக்கும்.

அப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் இன்ஹெரிட்டன்ஸ் மேப்பிங்கே தேவைப்படுவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். உருவாக்கிய தேதி, திருத்தியவர் என்ற நாலு ஃபீல்டைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இருக்கத்தான் ஒரு தாய் கிளாஸை வைத்திருப்பார்கள். அது வெறும் கோடு பகிர்வு. அதற்கு ஜேபிஏவில் மேப்டு சூப்பர்கிளாஸ் இருக்கிறது, பைதானின் ஜாங்கோவில் ஆப்ஸ்ட்ராக்ட் மாடல் இருக்கிறது. ஜாங்கோவில் ஆப்ஸ்ட்ராக்ட் என்று குறிக்க மறந்துவிட்டால், அது தாய்க்கும் ஒரு டேபிளை உருவாக்கி, ஒவ்வொரு சேயையும் அதோடு கோத்துவிடும். சம்பந்தமே இல்லாத இருபது டேபிள்கள் ஒரே தாய் டேபிளில் தொங்குவதை, டேபிள் மாற்றங்களை எழுதிவைக்கும் ஒரு மைக்ரேஷன் ஃபைலில் பார்த்துத் திகைத்திருக்கிறேன். மைக்ரேஷன் ஃபைலைப் படிக்காமல் ஓட்டக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போஸ்ட்கிரெஸிலேயே டேபிள் இன்ஹெரிட்டன்ஸ் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்று அவ்வப்போது யாராவது கேட்பார்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தாயில் போட்ட யுனிக் கன்ஸ்ட்ரெயின்டும் ஃபாரின் கீயும் சேய் டேபிள்களுக்கு இறங்காது, தாயைச் சுட்டும் ஃபாரின் கீக்குச் சேயில் உள்ள ரெக்கார்டுகள் தெரியாது. நமக்கு எது முக்கியமோ அதுவே அதில் இல்லை.

ஒரே டேபிளோடு, விவரங்களைப் பெயர்-மதிப்பு ஜோடிகளாக எழுதும் ஜேசானைக் கலக்கும் வழி மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 2014-ல் 9.4 பதிப்பில் ஜேசானைச் சேமிக்கும் ஜேசான்பி வகையைக் கொண்டுவந்ததிலிருந்து இது நடைமுறைக்கு ஏற்றதாகிவிட்டது. பொதுவான ஃபீல்டுகள் ஃபீல்டுகளாகவே இருக்கும், வகைக்கு வகை மாறும் சில்லறை விவரங்கள் ஒரு ஜேசான் ஃபீல்டுக்குள் போகும். எதைச் சலிக்கிறோமோ, கூட்டுகிறோமோ, வேறு டேபிளோடு இணைக்கிறோமோ அது மட்டும் வெளியே தனி ஃபீல்டாக வந்துவிட வேண்டும். இந்த எல்லையைக் காக்காவிட்டால் கொஞ்ச நாளில் எல்லாமே ஜேசானுக்குள் போய்விடும்.

கோடு பக்கத்திலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஹைபர்னேட்டில் தாய் வகையைச் சுட்டும் ஒரு உறவை லேசியாக, அதாவது தேவைப்படும்போது மட்டும், ஏற்றினால் கையில் கிடைப்பது தாய் கிளாஸின் ப்ராக்ஸி, நிஜ ஆப்ஜெக்டுக்குப் பதிலாக நிற்கும் ஒன்று. டேட்டாபேஸில் அது காசோலையாகவே இருந்தாலும், 'இது காசோலையா' என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டுக் கேட்டால் இல்லை என்று வரும். அப்படிக் கேட்கும் இடங்களில் முதலில் ப்ராக்ஸியைக் கழற்ற வேண்டும், அல்லது அந்த வேலையைத் தாயில் ஒரு மெத்தடாக அறிவித்து ஒவ்வொரு சேயும் தன் பதிலைச் சொல்லும்படி எழுத வேண்டும்.

இப்போது கையில் இருப்பது ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் வேலை. நான்கு வகை, வகைக்கு ஐந்தாறு சொந்த ஃபீல்டு. டேபிள் ஒன்றைக்கூட உருவாக்கும் முன் திரைகளையும் ரிப்போர்ட்டுகளையும் பார்த்து ஏழு கேள்விகளைத் தாளில் எழுதினோம். ஐந்து கேள்விகள் எல்லா வகையையும் சேர்த்தே கேட்டன, இரண்டில் சலிப்பதும் அடுக்குவதும் வேறு வேறு மட்டத்தில் இருந்தன. வெளியிலிருந்து சுட்டும் டேபிள்கள் இரண்டு, இரண்டுமே தாயைத்தான் சுட்டுகின்றன. ஒரே டேபிள் என்று அரை மணி நேரத்தில் முடிவானது. மீதி நேரத்தைச் செக் விதிகளுக்குச் செலவிட்டோம். ஒவ்வொரு வகைக்கும், கட்டாய ஃபீல்டு ஒன்றை விட்டும், வேறு வகையின் ஃபீல்டு ஒன்றை நிரப்பியும், வேண்டுமென்றே தவறான ரெக்கார்டுகளை நேரடி எஸ்க்யூஎல்லில் எழுதும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது. அத்தனையையும் டேட்டாபேஸ் மறுத்தால்தான் எங்கள் பில்டு பாஸ் ஆகும்.